உப்புக்காற்றும் சர்வர் பதிவேடும்

சிதம்பரத்தில், பொறியியல் மாணவர்களும் அலுவலகக் கணினிப் பிரிவு ஊழியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



ஓர் அலுவலகத்தில் சர்வர் நின்றுபோனால் யாரையெல்லாம் கூப்பிடுகிறோம்? சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போகிறது. யுபிஎஸ்காரருக்குப் போகிறது. ஏசி மெக்கானிக்குக்குப் போகிறது. ஈ.பி. ஆபீஸுக்கும் ஒன்று. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "என்னங்க ஆச்சு?" என்ன ஆச்சு என்பதைத் தேதி நேரத்தோடு எழுதி வைத்திருப்பது அந்த சர்வர்தான். அதைத் திறந்து வாசிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. முன்பக்கத்து ஆரஞ்சு விளக்கு மூன்று மாதமாக மினுக்கிக்கொண்டே இருந்திருக்கும். கேட்டால், "அது எப்பவும் அப்படித்தான் சார்" என்பார்கள்.

அந்தப் பதிவேட்டை எப்படி வாசிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் பெரிய தரவு மையங்களைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே இதற்கென்றே ஆட்கள் மூன்று ஷிப்ட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேசுவது நம் கடலூர் மாவட்டத்து சர்வர்களைப் பற்றி. கூட்டுறவுச் சங்கத்தில், தனியார் மருத்துவமனையில், கல்லூரி ஆய்வகத்தில், மாடிப்படிக்குக் கீழே தடுத்துக் கட்டிய அறையில், ஒற்றை ஸ்ப்ளிட் ஏசியை நம்பி ஓடுகிற சர்வர்கள். பக்கத்தில் பழைய பைல்கட்டு, ஓட்டை நாற்காலி, சில இடங்களில் குடிதண்ணீர் கேன் கூட இருக்கும்.

சர்வரின் மதர்போர்டில் இன்னொரு சின்னக் கணினி இருக்கிறது. பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பது அதன் முழுப்பெயர். பி.எம்.சி. என்போம். டெல் சர்வரில் அதற்கு ஐடிராக் என்று பெயர், எச்.பி. சர்வரில் ஐலோ. விண்டோஸ் உறைந்து போகட்டும், லினக்ஸ் விழுந்து கிடக்கட்டும், பவர் பட்டனை அமுக்கி சர்வரையே அணைத்துவிடுங்கள். பின்பக்கத்து பிளக்கில் கரண்ட் இருக்கிறவரை பி.எம்.சி. வேலை செய்துகொண்டிருக்கும். எத்தனை டிகிரி சூடு, மின்விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட், பவர் சப்ளைக்கு மின்சாரம் வருகிறதா, மூடியை யாராவது திறந்தார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் ஒரு வரி எழுதும்.

ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1998-இல் இன்டெல், ஹியூலட் பேக்கார்ட், டெல், என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதிமுறையைக் கொண்டுவந்தன. 2004-இல் அதன் 2.0 பதிப்பு வந்தது. 2015-இல் ரெட்பிஷ் என்ற புதிய முறை அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. ஆனாலும் நம் ஊர் அலமாரிகளில் இருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் ஐ.பி.எம்.ஐ. பேசுபவைதான். அந்த விதிப்படி நிகழ்வுப் பதிவேட்டின் ஒரு வரிக்கு 16 பைட். அவ்வளவே. சிதம்பரம் என்ற ஊர்ப்பெயரை யூ.டி.எப்-8 முறையில் தமிழில் எழுதினாலே 27 பைட் ஆகிவிடும். அந்தப் பதினாறுக்குள் வரிசை எண், நேரம், எந்த சென்சார், என்ன நடந்தது என எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும். அதனால்தான் அது மொட்டையாகப் பேசுகிறது. "வெப்பம், மேல் எல்லை, தாண்டியது." ஏன் தாண்டியது என்று சொல்ல அதில் இடம் இல்லை.

ஏன் என்பதற்கு இடமில்லை என்ற இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பதிவேட்டைக் கற்பனை செய்வோம். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு, உள்ளே வரும் காற்றின் வெப்பம் எச்சரிக்கை எல்லையைத் தாண்டியது என்று ஒரு வரி. திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, எல்லைக்குக் கீழே இறங்கியது என்று இன்னொரு வரி. அடுத்த சனிக்கிழமையும் இதே ஜோடி. அதற்கடுத்த சனிக்கிழமையும் இதேதான். பலர் ஏறிய வரியை மட்டும் பார்ப்பார்கள், இறங்கிய வரியைத் தள்ளிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் முப்பத்தேழே முக்கால் மணி நேரம்தான் அங்கே செய்தி. சனிக்கிழமை மாலை கிளம்பும்போது யாரோ பொறுப்பாக, கரண்ட் மிச்சம் பிடிக்க, ஏசியை அணைத்துவிட்டுப் போகிறார். சர்வர் மட்டும் லீவில் போகவில்லை.

பவர் சப்ளையும் இப்படித்தான். நல்ல சர்வரில் இரண்டு இருக்கும். இரண்டிலும் ஒரே நொடியில் மின்வரத்து நின்றது என்றால் யுபிஎஸ் கைவிட்டது என்று பொருள், பேட்டரியைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அடிக்கடி நின்று நின்று வருகிறது என்றால் ஈ.பி.யைத் திட்டிப் பயனில்லை, அந்த ஒரு கம்பியையோ பிளக் பாயின்ட்டையோ பாருங்கள். இரண்டாவது பவர் சப்ளை ஆறு மாதமாக மின்வரத்தே இல்லாமல் இருக்கிறது என்றால், யாரோ அதன் கம்பியைப் பிடுங்கி பிரின்டருக்குப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், இது எல்லா ஊரிலும் நடப்பது. மூடி திறக்கப்பட்டது என்ற வரி சர்வீஸ் ஆள் வந்த நாளில் இருந்தால் சரி. யாரும் வராத நாளில் இருந்தால் விசாரிக்க வேண்டியதுதான்.

இது பெட்டியின் பக்கம். ஆபரேட்டிங் சிஸ்டம் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. விண்டோஸ் சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 41 என்ற எண்ணும் 6008 என்ற எண்ணும் தெரியும். ஒழுங்காக அணைக்கப்படாமல் சர்வர் திடீரென்று நின்று, மறுபடி எழுந்தது என்பதற்கான அடையாளங்கள் அவை. 153 என்ற எண் வட்டுக்குப் போன ஒரு வேண்டுகோள் திரும்ப அனுப்பப்பட்டதைச் சொல்லும். பயனருக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் மெதுவாக இருந்ததாக மட்டும்தான் தெரிந்திருக்கும். லினக்ஸில் ராஸ்டீமன் என்ற நிரல் நினைவகப் பிழைகளைச் சேகரித்து வைக்கும். ரெய்டு கார்டு தன் பங்குக்கு இன்னொரு பதிவேடு வைத்திருக்கும். வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்ணிக்கைகள் தனி. ஆக ஒரே பெட்டிக்குள் நாலு கணக்குப்பிள்ளைகள், நாலு கடிகாரங்கள். கடிகாரச் சங்கதியைப் பிறகு சொல்கிறேன்.

எந்த வரியைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சிவப்பு வரியை அல்ல. சிவப்பு வரி வரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும், மேலதிகாரி போனில் இருப்பார். கவனிக்க வேண்டியது "திருத்தப்பட்ட பிழை" என்று வருகிற, யாரையும் தொந்தரவு செய்யாத வரியை.

சர்வரில் போடும் ராம் சாதாரண ராம் அல்ல. 64 பிட் தரவுக்கு 8 பிட் கூடுதலாகச் சேர்த்து எழுதும். ஒரு பிட் தவறினால் அந்தக் கூடுதல் பிட்டுகளைக் கொண்டு அதுவே திருத்திக்கொள்ளும். இரண்டு பிட் தவறினால் தவறு என்று தெரியும், ஆனால் திருத்த முடியாது. இந்த வகைக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ரிச்சர்ட் ஹாமிங், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தவர். அங்கே இருந்த ரிலே கணினியில் வாரக்கடைசியில் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், எங்கோ ஒரு பிழை வந்து, கணினி அவர் வேலையைக் கைவிட்டு அடுத்தவர் வேலைக்குப் போயிருக்கும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தவும் முடியாதா என்ற எரிச்சலில் பிறந்தது அவருடைய முறை. 1950-இல் கட்டுரையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் கணினிக்கும் அப்போதிருந்தே ஆகாது போலிருக்கிறது.

திருத்திக்கொண்டால் நல்லதுதானே, பிறகென்ன என்று விட்டுவிடலாமா? கூகுள் தன் சர்வர்களில் இரண்டரை ஆண்டு காலம் சேர்த்த பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. பியான்கா ஷ்ரோடர் என்ற கணினி அறிவியலாளரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் எழுதியது. அதில் மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்தப்பட்ட பிழை வந்திருந்தது. ராம் பட்டைகளைத் தனித்தனியாக எண்ணினால் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல். இது அதுவரை நம்பியதைவிட மிக அதிகம். இன்னொரு கணக்குதான் நமக்கு வேண்டியது. ஒரு பட்டையில் திருத்தப்பட்ட பிழை ஒன்று வந்துவிட்டால், அதே மாதத்திலோ அடுத்த மாதத்திலோ திருத்த முடியாத பிழை வருவதற்கான வாய்ப்பு 9 மடங்கிலிருந்து 400 மடங்கு வரை கூடுகிறது. எங்கிருந்தோ வந்த துகள் ஒன்று பட்டுத் தற்செயலாக நேர்வது என்று நினைத்திருந்த பிழைகளில் பெரும்பகுதி, அந்தக் குறிப்பிட்ட பட்டையின் நிரந்தரக் குறை என்று தெரிந்தது. எனவே ராம் ஸ்லாட் நம்பரோடு ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் உதிரிபாகத்துக்கு எழுதிப் போடுங்கள். பேரம் பேச இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, வாரன்டியும் இருக்கும்.

அதே நிறுவனத்திலிருந்து 2007-இல் வட்டுகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகள். முதல் வாசிப்புப் பிழை பதிவான வட்டு, அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போக மற்ற வட்டுகளைவிட 39 மடங்கு வாய்ப்பு. இதைக் கேட்டதும் பதிவேட்டின் மேல் பக்தி வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். அதே ஆய்வில், செத்துப்போன வட்டுகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போயிருந்தன. பதிவேட்டில் வரி இருந்தால் நம்புங்கள். வரி இல்லை என்பதால் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பேக்கப் எடுப்பதை நிறுத்த எந்தப் பதிவேடும் உங்களுக்கு அனுமதி தரவில்லை.

வரி இல்லாமல் போக வேறு காரணங்களும் உண்டு. பதிவேட்டுக்கு அளவு உண்டு, மாதிரியைப் பொறுத்துச் சில நூறு வரிகளிலிருந்து சில ஆயிரம் வரிகள் வரை. நிரம்பிவிட்டால் சில மாதிரிகள் பழையதை அழித்துப் புதியதை எழுதும். பல மாதிரிகள் எழுதுவதையே நிறுத்திவிடும். "பதிவேடு நிரம்பியது" என்பது கடைசி வரியாக இருக்கும், அதன் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையதாக இருக்கும். இன்னொரு காரணம் நம் சர்வீஸ் வழக்கம். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் பதிவேட்டை அழித்தால் அணைந்துவிடும் என்று சிலர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அழிப்பதற்கு முன் ஒரு நகல் எடுங்கள். மாற்றுப் பாகம் கேட்டால் கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

இப்போது கடிகாரம். காலை 3.30-க்கு மின்வரத்து நின்றது என்று பி.எம்.சி. எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் அறையில் இல்லை, தெருவில் கரண்ட்டும் போகவில்லை. மர்மமாக இருக்கும். பி.எம்.சி.யின் கடிகாரம் பல இடங்களில் கிரீன்விச் நேரத்தில்தான் ஓடும். ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள், காலை ஒன்பது. அலுவலகம் திறந்து, ஏசி, மோட்டார், ஜெராக்ஸ் மிஷின் எல்லாம் ஒன்றாக உயிர்பெறும் நேரம். மர்மம் போய்விட்டது, எந்த எம்.சி.பி. என்று பார்ப்பதுதான் பாக்கி. மதர்போர்டில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறதே, அது தீர்ந்துபோன பெட்டியில், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு எழுந்ததும் வரும் வரிகள் 1970-ஆம் ஆண்டுத் தேதியோடோ, தேதியே இல்லாமலோ வரும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்களின் கணினிகள் நேரத்தைத் தேசிய தகவலியல் மையத்தின் கடிகாரத்தோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரத்தோடோ பொருத்திக்கொள்ள வேண்டும், எல்லாப் பதிவுகளையும் 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று. இணையத் தாக்குதல்களை விசாரிக்கப் போட்ட உத்தரவு அது. ஆனால் ஹார்டுவேர் பார்ப்பவர்களுக்கும் அதைவிட உபகாரமான உத்தரவு கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நேரத்தைப் பொருத்திவிட்டு பி.எம்.சி.யை மறந்துவிடுகிறார்கள், அதையும் சேர்த்துப் பொருத்துங்கள். அங்கே போகும்போது தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பி.எம்.சி.யை இணையத்தில் திறந்துவைப்பது, வாசல் கதவையே கழற்றி வெளியே வைப்பதுதான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

கடற்கரையிலிருந்து வரும் காற்றில் உப்புத்தூள் இருக்கிறது. அது தூசியோடு சேர்ந்து போர்டில் படிகிறது. உலர்ந்திருக்கிறவரை பெரிய தொந்தரவு இல்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்திலேயே கசியும். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் விடியற்காலையில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் ஏசி ஓடி, இரவில் நின்று, அறைக்குள் ஈரக்காற்று வந்தால், அந்தத் தூசி ஒவ்வோர் இரவும் நனைந்து ஒவ்வொரு பகலும் காய்கிறது. இணைப்பூசிகள் அரிக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான சர்வர்களில் ஈரப்பதத்துக்கு சென்சாரே கிடையாது. வெப்பத்துக்குப் பத்து இருபது இருக்கும். ஆக நம் கடற்கரையின் முதல் எதிரியைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு வார்த்தை வராது. அது வேறு பெயரில் வரும். ராம் ஸ்லாட்டில் திருத்தப்பட்ட பிழை என்று வரும், ஒரு கார்டின் இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்று வரும், மின்விசிறியின் சுற்று குறைந்தது என்று வரும். பாகத்தை மாற்றுவோம், மூன்று மாதத்தில் புதியதும் அதையே எழுதும்.

அடுத்தது கந்தகம். ஈயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, மின்னணுத் தொழிலில் போர்டுகளின் மேற்பூச்சு மாறியது. வெள்ளிப் பூச்சும் அதில் ஒன்று. ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் வெள்ளி கறுக்கும். கொலுசு கறுப்பதும் அதே வேதிவினைதான். கொலுசைத் தேய்த்துக்கொள்ளலாம், போர்டில் அந்தக் கறுப்பு மெல்ல ஊர்ந்துபோய் அடுத்த கம்பியைத் தொட்டுவிடும். சர்வர் அறைக் காற்றுக்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒரு செப்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் ஒரு மாதம் அறையில் தொங்கவிட்டு அளக்க வேண்டும். செம்பில் அரிப்புப் படலம் மாதம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே, வெள்ளியில் 200-க்குக் கீழே இருந்தால் நல்ல காற்று. ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் இருக்கிறது. அவ்வளவு மெல்லிய அரிப்பே இந்தப் பெட்டிகளுக்குப் பெரிது.

கந்தகம் என்றதும் கடலூர்க்காரர்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் வரும்போது சிப்காட் தொழில் வளாகம். அங்கே 2004-இல் ஒரு வேலை நடந்தது. நம் தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், எனக்கு அதுதான் மிக நெருக்கமான பாடம். ரசாயன ஆலைகளைச் சுற்றியிருந்த கிராமத்து மக்களுக்கு மூச்சுமுட்டும் நாற்றம் பழகிப்போன விஷயம். புகார் சொன்னால், "எப்போது? எவ்வளவு நேரம்? எந்தப் பக்கத்திலிருந்து?" என்று கேட்பார்கள், பதில் இருக்காது. சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள். தேதி, மணி, காற்றடிக்கும் திசை, என்ன மாதிரி நாற்றம், கண் எரிச்சலா, தலைவலியா, பக்கத்தில் எந்த ஆலை என்று நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, நாற்றம் வந்த நேரத்தில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் கையாண்ட வாளி முறை அது. ஆய்வக முடிவுகளில் ஹைட்ரஜன் சல்பைடு உட்படப் பல நச்சு வாயுக்கள் இருந்தன. "நாறுது சார்" என்று இருபது வருடம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தேதியும் மணியும் காற்றின் திசையும் சேர்ந்ததும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுக்கும் ஆலைகளுக்கும் வந்தது. சாதாரண ஊர்க்காரர்களின் குழு அது. நிகழ்வுப் பதிவு என்றால் என்னவென்று பி.இ. படித்த பலரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சர்வர் அறைக்கும் அதே நோட்டு வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இயந்திரம் என்ன நடந்தது என்று எழுதும், ஏன் என்பது அறையில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஒரு நீளநோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. ஏசி நின்றது, ஏசி சர்வீஸ், ஈ.பி. கரண்ட் போனது வந்தது, ஜெனரேட்டர் மாற்றியது, சுவரில் ஈரம் பூத்தது, எலி வந்தது, பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடந்தது, ஜன்னல் திறந்திருந்தது, வெளியே நாற்றம், வெள்ளையடித்தார்கள், யார் உள்ளே வந்தார்கள். மணி மட்டும் சரியாக இருக்க வேண்டும், சர்வரின் கடிகாரமும் கைபேசியின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். மாதம் ஒருமுறை பதிவேட்டை அச்செடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐ.பி.எம்.ஐ.டூல் என்ற இலவச நிரலில் ஒரே கட்டளையில் முழுப் பட்டியலும் வந்துவிடும். வெள்ளையடித்த வாரத்தில் மின்விசிறிச் சுற்று ஏன் குறைந்தது என்பதற்கு நிபுணர் தேவையில்லை.

ஒரு சின்ன ஈரப்பத மீட்டரை வாங்கி அறையில் மாட்டி, காலை மாலை அதையும் எழுதினால், சர்வரிடம் இல்லாத அந்த சென்சாரை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஜாபிக்ஸ், நாகியோஸ் மாதிரிக் கண்காணிப்பு மென்பொருள்கள் நல்லவை, போடுங்கள். ஆனால் எல்லா வரியையும் கைபேசிக்கு அனுப்பச் சொன்னால் முதல் வாரம் பதறுவீர்கள், இரண்டாம் வாரம் சைலன்ட்டில் போடுவீர்கள். எவை உங்களை எழுப்ப வேண்டும் என்று நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். திருத்தப்பட்ட பிழை திரும்ப வருவது அதில் ஒன்றாக இருக்கட்டும்.

செர்ட்-இன் கேட்கும் 180 நாள் சட்டத்துக்குப் போதும். நம் வேலைக்குப் போதாது. இந்த ஐப்பசியைப் போன ஐப்பசியோடு வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எத்தனை திருத்தப்பட்ட பிழைகள், அக்னி நட்சத்திரத்தில் எத்தனை வெப்ப வரிகள் என்று மூன்று நான்கு ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால்தான் அறை கெட்டுக்கொண்டு வருகிறதா, பெட்டி கெட்டுக்கொண்டு வருகிறதா என்று பிரிக்க முடியும். 16 பைட் வரிகளைப் பத்து ஆண்டுக்குச் சேர்த்தாலும் ஒரு கைபேசிப் படத்தின் அளவுகூட வராது.

அந்தச் சேமிப்பை எங்கே வைப்பது? பலர் அதே சர்வரிலேயே வைத்திருக்கிறார்கள். பெட்டி போனால் பெட்டி ஏன் போனது என்ற பதிலும் கூடவே போய்விடும். சிஸ்லாக் என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் தன் மின்னஞ்சல் நிரலுக்காக எழுதியது. பதிவுகளை வலைப்பின்னல் வழியே வேறு கணினிக்கு அனுப்பும். அதை வைத்துக் கடலூர் அலுவலகத்தின் பதிவைச் சிதம்பரம் கிளையிலும், சிதம்பரத்தின் பதிவைக் கடலூரிலும் வைக்கலாமே என்று தோன்றும். தானே புயலை நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அன்று இரண்டு ஊரும் ஒரே இருட்டில். சென்னையில் வைக்கலாமா? 2015-இல் நவம்பரில் கடலூர் மூழ்கியது, டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. ஒரே பருவமழை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி வந்ததும் நினைவிருக்கும். நகல் ஒன்று கோயம்புத்தூரிலோ ஐதராபாத்திலோ, இந்த வங்கக்கடல் புயல் ஒரே நாளில் தொடாத ஓர் ஊரில் இருக்க வேண்டும்.

புயலைப் பற்றி இன்னொன்று. பிளக்கில் கரண்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காத நாட்களில் பி.எம்.சி.யும் எழுதாது. மாவட்டத்திலேயே பெரிய சம்பவம் நடந்த வாரத்தில் பதிவேட்டில் வெறும் இடைவெளிதான் இருக்கும். அந்த இடைவெளியில் அறைக்குள் தண்ணீர் வந்ததா, கூரை ஒழுகியதா, ஏசி இல்லாமல் எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்பதெல்லாம் நோட்டில் மட்டும்தான் இருக்க முடியும். கரண்ட் வந்தவுடன் சர்வரைப் போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள், ஏசியை ஓடவிட்டு அறை காய்ந்த பிறகு போடுங்கள். போட்டதும் பதிவேட்டை வாசிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். தப்பாக இருந்தால், எவ்வளவு தப்பு என்பதை முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு திருத்துங்கள், இல்லாவிட்டால் எழுந்த முதல் ஒரு மணி நேரத்து வரிகளை எந்த நாளோடும் சேர்க்க முடியாது. பட்டன் பேட்டரி ஒன்றை மேசை இழுப்பறையில் வாங்கி வையுங்கள், மழைக்கு முன்பே.

பேசியது போதும் என்று நினைக்கிறேன். முன்வரிசையில் ஒரு தம்பி ரெட்பிஷ் பற்றிக் கேட்பதற்காகக் கையைத் தூக்கி வெகு நேரம் ஆகிறது, அவரிடமிருந்து தொடங்குவோம்.